தலையிடிக்கு ஒரு பத்திரிகை

பழைய பத்திரிகைகளைத் தொகுத்து நூலாக்குகிறவர்கள் முதலில் கழித்துவிடுவது விளம்பரங்களைத்தான். கதை வரும், கவிதை வரும், ஆசிரியர் தலையங்கம் வரும்; தைலமும் பற்பொடியும் வராது. 1930இலிருந்து 1958வரை யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்த 'ஈழகேசரி'யில் யார் யார் எழுதினார்கள் என்று பட்டியல் போட்டவர்கள் எம்மிடையே உண்டு. அக்கதைகளுக்குப் பக்கத்து நிரலில் என்ன விற்கப்பட்டது என்று பட்டியல் போட்டவர் எவரும் எமது கண்ணில் படவில்லை. இலக்கியம் தூய்மையானது, வியாபாரம் அழுக்கானது என்ற எண்ணம் எமது சிறுசஞ்சிகைக்காரரிடம் ஆழ வேரோடியிருப்பதே இதற்குக் காரணம். இந்த எண்ணத்துக்கு எதிராகவே நாம் இங்கு கதைக்க விரும்புகிறோம்.

இன்னொரு பக்கத்தில் இதற்கு நேரெதிரான ஒரு நோய் இப்போது பரவியிருக்கிறது. பழைய விளம்பரங்களைத் தனியே வெட்டியெடுத்து, நிறம் கூட்டி, சட்டம் போட்டு, 'அந்தக் காலம்' என்று பெருமூச்சு விடுவது. ஒருவர் ஒரு சவர்க்கார விளம்பரத்தைக் கைத்தொலைபேசியில் அனுப்புகிறார். ஐம்பது பேர் தமது அம்மம்மாவை நினைத்துக்கொள்கிறார்கள். விளம்பரம் என்ன சொல்கிறது என்று எவரும் வாசிப்பதில்லை. ஒரு கூட்டம் வாசிக்காமல் எறிகிறது, மறுகூட்டம் வாசிக்காமல் கொஞ்சுகிறது. இரண்டும் ஒன்றுதான்.

வாசித்தால் என்ன தெரியும்? முதலில் தெரிவது, பத்திரிகைதான் மருந்தை விற்றது என்ற எமது எண்ணம் பாதி உண்மையே என்பது. மருந்தும் பத்திரிகையை உண்டாக்கியிருக்கிறது. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கினார். அந்தத் தைலத்தில் கிடைத்த பணத்தைக் கொண்டு 1908இல் 'ஆந்திர பத்திரிகா' என்ற தெலுங்கு வார இதழை நடத்தத் தொடங்கினார். 1914இல் அது சென்னையிலிருந்து நாளேடானது. 1924இல் 'பாரதி' என்ற இலக்கிய மாதிகையையும் அவரே தொடங்கினார். நவீன தெலுங்கு இலக்கியத்தின் ஒரு பெரும் பகுதி தலையிடிக்காரரின் நெற்றியிலிருந்து வந்த காசில் அச்சாகியிருக்கிறது என்றால் அது மிகையல்ல. உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்ற அந்த மனிதரின் பெயரில் மயிலாப்பூரில் இன்றும் ஒரு பூங்கா இருக்கிறது.

இதே கதை வங்காள விரிகுடாவின் மறுகரையிலும் நடந்தது. ரங்கூனில் தகப்பன் விட்டுச்சென்ற மருந்துக்கடையிலிருந்து புலித் தைலத்தை உருவாக்கிய ஓ பூன் ஹோ, 1920களில் தமது தொழிலைச் சிங்கப்பூருக்குக் கொண்டு வந்தார். 1929இல் அங்கே 'சின் சியூ ஜிட் போ' என்ற சீனமொழிப் பத்திரிகையைத் தொடங்கினார். பிறர் பத்திரிகையில் விளம்பரத்துக்குக் கொடுக்கும் பணத்தில் சொந்தமாகவே ஒரு பத்திரிகை நடத்தலாம் என்பது அவரது கணக்கு. (புலித்தலை பொருத்திய கார் ஒன்றில் ஊரைச் சுற்றிவந்த மனிதருக்கு விளம்பரம் பற்றி எவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.) தமிழிலும் இதற்குச் சற்று நெருங்கிய உதாரணம் உண்டு. விளம்பர முகவராகவும் தபால்வழி வியாபாரியாகவும் இருந்த எஸ்.எஸ்.வாசன்தான் 1928இல் 'ஆனந்த விகட'னை விலைக்கு வாங்கினார். விளம்பரம் எங்கே இடம் வாங்குகிறது என்று அறிந்தவர் முழு இடத்தையும் வாங்கிக்கொண்டார்.

ஆகவே இலக்கியத்துக்கு அருகில் விளம்பரம் தற்செயலாக வந்து ஒட்டிக்கொண்டது என்று நினைக்க முடியாது. எமது வாசிப்புப் பழக்கமே இந்த வியாபாரத்தின் மேல் எழுந்தது. இதைச் சொல்ல எமது விமர்சகர்கள் கூச்சப்படுகிறார்கள்.

இந்த விளம்பரங்கள் எப்படி வேலை செய்தன என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். இந்தியத் தபால் இலாகா 1877இல் வி.பி.பி. முறையைக் கொண்டுவந்தது. பொருள் வீட்டு வாசலுக்கு வரும், தபால்காரரிடம் பணத்தைக் கொடுத்துப் பெற்றுக்கொள்ளலாம். ரயிலும் தபாலும் பத்திரிகையும் சேர்ந்தபோது, பெருநகரத்து மருந்துக் கம்பனியொன்று எந்தவொரு கிராமத்து மனிதரின் உடம்புக்குள்ளும் நேரடியாக நுழைய முடிந்தது. ஊர்ப் பரியாரியாரிடம் சொல்ல முடியாத வருத்தத்தை, முகம் தெரியாத ஒரு முகவரிக்கு எழுதலாம். விளம்பரங்களில் திரும்பத் திரும்ப வரும் 'இரகசியம்' என்ற சொல்லுக்கு இதுவே பொருள். பரியாரியார் தகப்பனையும் பாட்டனையும் அறிந்தவர். நாடி பிடித்தபடியே குடும்பக் கதையையும் பிடித்துவிடுவார். கம்பனிக்கு உம்மைத் தெரியாது. தெரியாமலிருப்பதே அது விற்ற முதற் சரக்கு.

அடுத்தது நற்சாட்சிக் கடிதம். 'பத்து வருடமாகத் துன்பப்பட்டேன், பல வைத்தியரிடம் போனேன், சொத்தை இழந்தேன், தற்செயலாகத் தங்கள் மருந்தைப் பற்றிப் பத்திரிகையில் கண்டேன், மூன்று போத்தலில் குணமானேன்' என்ற அமைப்பில் உலகமெங்கும் இவை அச்சாகின. இதில் எமக்கு ஆர்வம் தருவது அதன் கதைக்கட்டு. துன்பம், அலைச்சல், தற்செயலான தரிசனம், அருள். எமது தலபுராணங்களில் குஷ்டம் நீங்கிய அரசனின் கதை இதே வரிசையில்தான் போகும். தீர்த்தத்தின் இடத்தில் போத்தல் வந்திருக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு: புராணத்தில் அரசன்தான் நோயாளி, விளம்பரத்தில் ஒரு கிளாக்கர், ஒரு தபால் அதிபர், ஒரு பள்ளிக்கூட வாத்தியார். தன் வயிற்றையும் நரம்பையும் பற்றி ஒரு சாதாரண மனிதன் 'நான்' என்று உரைநடையில் சொல்லும் இடமாக இந்தக் கடிதங்கள் இருந்தன. அவற்றில் எத்தனை கம்பனிக்காரரே எழுதியவை என்பது வேறு விடயம். பொய்யான 'நான்' கூட இலக்கிய வரலாற்றில் ஒரு 'நான்'தான். இல்லாவிட்டால் நாவல் என்ற ஒன்றே இல்லை.

இந்த வடிவத்தை உலகமயமாக்கியவர்களில் ஒருவர் கனடாக்காரர். ரொறன்ரோவிலிருந்து மொன்றியலுக்கு 401ஆம் நெடுஞ்சாலையில் போகும் எமது ஆட்கள் புறொக்வில் என்ற ஊரைக் கடந்துதான் போகிறார்கள். அங்கே சென்ற் லோறன்ஸ் நதிக்கரையில் ஒரு மாளிகை நிற்கிறது. 'டொக்ரர் வில்லியம்ஸின் இளஞ்சிவப்பு மாத்திரை'யின் உரிமையை 1890இல் 53 டொலரும் 1 சதமும் கொடுத்து வாங்கிய ஜோர்ஜ் புல்ஃபோர்ட் கட்டியது அது. மாத்திரைக்குள் முக்கியமாக இருந்தது இரும்புச் சத்து. இரத்தசோகைக்கு அது ஓரளவு உதவும் என்பது உண்மையே. ஆனால் விளம்பரத்தில் அது பாரிசவாதத்தையும் நடனவாதத்தையும் சேர்த்தே தீர்த்தது. நோய் நீங்கியவரின் கதையைச் செய்திபோலவே எழுதிச் செய்திகளின் நடுவே போடுவது இந்தக் கம்பனியின் வழமை. புல்ஃபோர்ட் 1905இல் மோட்டார் வண்டி விபத்தில் இறந்துபோனார். அதற்கு மாத்திரை இருக்கவில்லை.

சார்ள்ஸ் என்ற இன்னொரு புல்ஃபோர்ட் இதைவிடக் கெட்டிக்காரர். 'பைல் பீன்ஸ்' என்ற மாத்திரையை அவர் விற்றார். அவுஸ்திரேலியப் பூர்வகுடிகள் அறிந்திருந்த ஒரு மூலிகையின் இரகசியத்தை ஒரு விஞ்ஞானி காட்டுக்குள் போய்க் கண்டுபிடித்தார் என்பது விளம்பரக் கதை. இன்னொரு மருந்துக்கடைக்காரர் அதே பெயரில் மாத்திரை விற்றபோது கம்பனி எடின்பரோவில் வழக்குப் போட்டது. வழக்கின்போது விடயம் வெளியே வந்தது. அப்படியொரு விஞ்ஞானியும் இல்லை, மூலிகையும் இல்லை. மாத்திரை அமெரிக்காவில் மொத்தமாகச் செய்விக்கப்பட்டது. வியாபாரமே மோசடியின்மேல் நிற்பதால் பாதுகாப்புக் கேட்கும் உரிமை இல்லையென்று 1905, 1906இல் நீதிமன்றம் தீர்த்தது. அதன் பிறகும் கம்பனி பல பத்தாண்டுகள் சுகமாக வாழ்ந்தது. எமது வீடுகளிலும் தெரிந்திருந்த 'சம்பக்' களிம்பு இதே ஆட்களுடையதுதான்.

இங்கே கவனிக்க வேண்டியது, வெள்ளையன் தனது சரக்குக்குப் பூர்வகுடியின் காட்டு ஞானத்தைக் கடன் வாங்கினான் என்பது. அதே காலத்தில் எமது நாட்டுத் தைலக்காரர் தமது சரக்குக்கு 'டாக்டர்', 'விஞ்ஞானம்', 'மின்சாரம்' என்பவற்றைக் கடன் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மற்றவரின் முகமூடியைப் போட்டுக்கொண்டு ஒரே சந்தையில் நின்றார்கள். இன்று 'எமது பாரம்பரிய வைத்தியம்' என்று புலம்பெயர் நாடுகளில் விற்கப்படும் எண்ணெய்களைப் பார்க்கும்போது, அவற்றின் சொல்லாட்சி சித்தர் பாடல்களிலிருந்து வந்ததா, பைல் பீன்ஸிலிருந்து வந்ததா என்று எமக்குச் சந்தேகம் வருகிறது.

பத்திரிகைகள் இதை அறியாமலா இருந்தன? பிரித்தானிய மருத்துவச் சங்கம் 1909இல் 'இரகசிய மருந்துகள்' என்ற நூலை வெளியிட்டது. ஒவ்வொரு மருந்தையும் ஆய்வுகூடத்தில் பிரித்துப் பார்த்து, உள்ளே இருப்பது என்ன, அதன் விலை என்ன என்று எழுதியது. புகழ்பெற்ற பீச்சம் மாத்திரையில் கற்றாழைச் சத்தும் இஞ்சியும் சவர்க்காரமும் இருந்தன. 56 மாத்திரைகளுக்கான மூலப்பொருள் அரைப் பார்த்திங் பெறும். விற்றது ஒரு சிலிங் ஒன்றரைப் பென்சுக்கு. கணக்குப் பார்த்தால் நூறு மடங்குக்கும் மேல். இந்த நூலுக்கு விளம்பரம் போடப் பல பத்திரிகைகள் மறுத்துவிட்டன. பாராளுமன்றம் ஒரு குழுவை நியமித்து விசாரித்தது. குழுவின் அறிக்கை 1914 ஓகஸ்ட் 4இல் வெளியானது. அன்றுதான் பிரித்தானியா போர் அறிவித்தது; அறிக்கையைப் பற்றி யார் கதைப்பது? அமெரிக்காவில் இன்னும் மோசம். மருந்துக் கம்பனிகள் பத்திரிகைகளோடு செய்த ஒப்பந்தத்திலேயே, தமக்கெதிராக மாநிலச் சட்டம் வந்தால் விளம்பரம் ரத்து என்று ஒரு விதி அச்சிட்டிருந்தன. ஆகவே சட்டம் வராமல் பார்த்துக்கொள்வது பத்திரிகை ஆசிரியரின் வேலையாயிற்று. 1905இல் சாமுவேல் ஹொப்கின்ஸ் அடம்ஸ் முதலியோர் இதை அம்பலப்படுத்திய பிறகே 1906இல் அங்கு சட்டம் வந்தது.

பத்திரிகைச் சுதந்திரத்தைப் பற்றி எழுதும்போது நாம் துப்பாக்கியைப் பற்றியே எழுதிப் பழகியவர்கள். எமக்கு அதற்கு நியாயம் உண்டு. ஆனால் தைலப் போத்தலும் ஒரு தணிக்கையாளராக இருந்திருக்கிறது. இதைச் சீக்கிரமே உணர்ந்தவர் காந்தி. 1903இல் டர்பனில் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனிய'னில் (தொடக்கத்தில் அதில் தமிழ்ப் பகுதியும் இருந்தது) 1912இலிருந்து விளம்பரம் எடுப்பதை அவர் நிறுத்தினார். பின்னர் நடத்திய ஏடுகளிலும் எடுக்கவில்லை. அவருடைய வைத்தியக் கருத்துகளில் பலவற்றை நாம் ஏற்பதில்லை. இந்த ஒரு விடயத்தில் அவர் சரி.

பெண்களின் உடம்பைப் பற்றி இந்த விளம்பரங்கள் என்ன செய்தன என்பது சிக்கலான கேள்வி. சென்னைக் கேசரி குடீரத்தின் 'லோத்ரா' போன்றவை மாதவிடாய்க் கோளாறையும் கர்ப்பப்பையையும் அச்சில் பெயர் சொல்லி அழைத்தன. அதே கே.என்.கேசரி 1928இல் 'கிருகலட்சுமி' என்ற தெலுங்குப் பெண்கள் இதழையும் தொடங்கினார். இங்கும் மருந்தும் பத்திரிகையும் சேர்ந்தே வருகின்றன. இலக்கியத்தில் பெண்ணின் கண்ணையும் இடையையும் விட்டு அசையாத காலத்தில், அவளுக்கு அடிவயிற்று நோ உண்டு என்று சொன்னது விளம்பரப் பக்கம்தான். ஆனால் சொன்ன விதம்? நோ அவளுக்கு, கவலை கணவனுக்கு, பிள்ளை இல்லையே என்ற பயம் மாமியாருக்கு. போத்தலை வாங்குகிறவனை நோக்கியே விளம்பரம் பேசியது. நோவு பேசப்பட்டது, நோவுக்காரி பேசவில்லை. எமது பெண் எழுத்தாளர்கள் பின்னர் தமது உடம்பை எழுத வந்தபோது 'கொச்சை' என்று கூச்சல் போட்ட கனவான்களின் வீட்டு மேசையில், இதே சொற்களைத் தாங்கிய பத்திரிகை தினமும் விரிந்தே கிடந்தது.

ஆண்களுக்கோ பயமே விற்கப்பட்டது. இளமையில் செய்த தவறு, நரம்புத் தளர்ச்சி, தாது நட்டம். இந்தியா 1954இல் மந்திர மருந்து விளம்பரங்களுக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது. ஹம்டார்ட் தவாகானா வழக்கில் 1959 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சட்டத்தின் சில பிரிவுகளைத் தள்ளியபோதும், இத்தகைய விளம்பரம் பேச்சுச் சுதந்திரத்துக்குள் அடங்காது என்றது. சட்டம் இருந்தது, லொட்ஜுகளில் அறை எடுத்து ஊர் ஊராக வைத்தியம் பார்க்கும் 'டாக்டர்'மாரின் விளம்பரமும் அதற்குப் பிறகும் இருந்தது.

பிள்ளைகள் பக்கம் வருவோம். நொற்றிங்காமில் மருந்துக்கடை வைத்திருந்த வில்லியம் வூட்வேட் 1851இல் செய்த கிறைப் வாட்டர் எமது வீடுகளில் தாய்ப்பாலுக்கு அடுத்த இடத்தில் இருந்தது. ஒரு தலைமுறை தாய் அடுத்த தலைமுறைத் தாய்க்குச் சொல்வதாக அமைந்த அதன் விளம்பரத்தை அறியாத தமிழர் குறைவு. பாட்டியின் அதிகாரத்தைக் கம்பனி எடுத்துக்கொண்டது. உண்மையான பாட்டியின் வசம்பும் ஓமமும் பின்னுக்குப் போயின. போத்தலில் பாம்பை நெரிக்கும் குழந்தை கிரேக்க ஹெர்க்குலிஸ். எமது வீடுகளில் அதைக் கண்ணனாகப் பார்த்தவர்கள் உண்டு. 1920களில் இந்தியாவுக்கென அச்சிட்ட நாட்காட்டிகளில் கம்பனியே கண்ணனைத்தான் போட்டது. நீண்ட காலமாக அந்தத் தண்ணீரில் மதுசாரம் கலந்திருந்தது. பிரித்தானியாவில் அது நீக்கப்பட்டது 1992இல்தான். பிள்ளை அழுகையை நிறுத்தியதன் இரகசியம் எவ்வளவு சீரகக் குடும்பத்து எண்ணெய், எவ்வளவு மது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

சவர்க்காரத்தைப் பற்றி ரோலன் பார்த் 1957இல் வந்த தனது 'தொன்மங்கள்' நூலில் எழுதியது பலரும் அறிந்தது. ஒரு தூள் அழுக்கோடு போரிடுகிறது, இன்னொன்று அழுக்கை மெல்ல வெளியேற்றுகிறது, ஆனால் இரண்டும் ஒரே கம்பனியுடையவை என்று அவர் முடிப்பார். எமது சூழலில் இதோடு தோலின் நிறத்தையும் சேர்க்க வேண்டும். 1899இல் வந்த பெயர்ஸ் சவர்க்கார விளம்பரம் ஒன்று, வெள்ளையனின் சுமையை இலகுவாக்கும் முதற்படி தூய்மையைக் கற்பிப்பது என்றே வெளிப்படையாகச் சொன்னது. அன் மக்ளின்ரொக் 1995இல் எழுதிய நூலில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இந்தியாவில் 1975இல் வந்த நிறமூட்டும் பசையொன்று 2020இல்தான் தன் பெயரிலிருந்து 'வெள்ளை'யை எடுத்தது. எடுத்தது பெயரிலிருந்து மட்டும். எமது புலம்பெயர் கல்யாணச் சந்தையைப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை.

இலங்கையைப் பொறுத்தவரை இந்த வரலாற்றில் ஒரு நல்ல அத்தியாயம் உண்டு. பேராசிரியர் சேனக பிபிலே. மருந்தைக் கம்பனிப் பெயரால் அல்ல, அதன் இரசாயனப் பெயரால் வாங்க வேண்டும், அவசியமான மருந்துகளின் பட்டியல் ஒன்று போதும் என்ற அவரது கொள்கையின்படி 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. விளம்பரத்தின் உயிர்நாடியான பெயரிலேயே அவர் கைவைத்தார். பல்தேசியக் கம்பனிகள் எதிர்த்தன. அவர் 1977இல் கயானாவில் இறந்தார். அதே ஆண்டு இலங்கை திறந்த பொருளாதாரத்துக்குள் போனது. அதற்கு முந்திய தட்டுப்பாட்டு ஆண்டுகளில் மெலிந்திருந்த விளம்பரப் பக்கங்கள் தடித்தன.

அக்காலத்து இன்னொரு விளம்பரத்தையும் சொல்ல வேண்டும். 1950இல் வர்த்தக சேவை தொடங்கிய இலங்கை வானொலியில் கோபால் பற்பொடி விளம்பரம், இந்தியா, இலங்கை, மலேயா, சிங்கப்பூர் என்று நாடுகளை அடுக்கிச் சொல்லும். உலகத் தமிழர் என்ற வரைபடத்தை மாநாடுகளுக்கு முன்பே வரைந்தது பற்பொடிதான். அந்த வரைபடத்தில் ஒஸ்லோவும் சூரிச்சும் இருக்கவில்லை.

இப்போது யாழ்ப்பாணத்துக்கு வருகிறோம். 1981 மே 31 இரவிலும் அடுத்த நாட்களிலும் நூலகம் எரிந்தது. 'ஈழநாடு' அலுவலகமும் எரிந்தது. எரிந்த ஓலைச்சுவடிகளுக்காக நாம் அழுதோம், அழத்தான் வேண்டும். பத்திரிகைக் கோப்புகளோடு எமது பாட்டன்மார் எந்தச் சவர்க்காரம் போட்டார்கள், எந்தத் தேத்தண்ணி குடித்தார்கள், எந்த வருத்தத்துக்குப் பயந்தார்கள் என்ற விபரமும் எரிந்தது. அதற்காக அழுதவர் குறைவு. 1990இல் வடக்கின் மீது பொருளாதாரத் தடை வந்தபோது சவர்க்காரம், மின்கலம், மண்ணெண்ணெய், மருந்து எல்லாம் தடையிலும் கட்டுப்பாட்டிலும் சிக்கின. சனங்கள் பனங்காய்க் களியில் உடுப்புத் தோய்த்தார்கள். பத்திரிகைகள் கொப்பித் தாளில் அச்சாகின. விற்கப் பொருள் இல்லாத இடத்தில் பொருளுக்கு விளம்பரம் எப்படி வரும்? விளம்பரம் என்ற இடத்தை மரண அறிவித்தல்கள் நிரப்பின. 'சவர்க்காரம்' என்ற சொல் வராத அந்தப் பக்கங்களைப் பிற்காலத்தில் ஒரு ஆய்வாளர் புரட்டினால், அந்த வராமையைத்தான் அவர் முதலில் வாசிக்க வேண்டும். தலையங்கங்களை மட்டும் தொகுத்து வைத்தால் அது அவருக்குக் கிடைக்காது.

2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தினர் பழைய இதழ்களை அட்டையிலிருந்து அட்டைவரை அப்படியே மின்வடிவாக்குகிறார்கள். தேர்ந்தெடுத்த படைப்புகள் என்று செம்பதிப்புப் போடுகிறவர்கள் செய்யாத வேலை அது. இதில் எமது புலம்பெயர் சஞ்சிகைகளின் பின்னட்டைகளும் அடங்கும். 1990களில் பாரிசிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் வந்த தமிழ்ப் பத்திரிகைகளில் நகைக்கடை, பலசரக்குக் கடை, பொதி அனுப்பும் நிறுவனம், அகதி வழக்குக்குச் சட்டத்தரணி, மொழிபெயர்ப்பாளர். சித்தாலேபவும் கோடாலித் தைலமும் கிடைக்கும் என்று ஒரு கடை. குளிர் நாட்டில் நெற்றியில் பூசிக்கொள்ள ஊர் மணம். இவற்றை வாங்கிப் போட்டுத்தான் பலர் எங்களது கவிதைகளுக்கும் அச்சுக்கூலி கொடுத்தார்கள்.

தொலைபேசி அட்டை விளம்பரங்களும் வந்தன. நாடுகளின் பெயர் ஒரு நிரலில், நிமிடங்கள் மறு நிரலில். இலங்கைக்கு எதிரே ஒரு எண் இருக்கும். அந்த எண்ணுக்குள் யாழ்ப்பாணம் இல்லை என்பது அட்டை வாங்கிய எல்லோருக்கும் தெரியும். அங்கே தொலைபேசி இல்லை. வவுனியாவுக்கோ கொழும்பு லொட்ஜுக்கோ தாய் வந்து சேர்ந்த பிறகு அழைக்கும் நிமிடங்கள் அவை. எமது சஞ்சிகைகளின் தொகுப்பு வரும் நாளில் அந்த நிரலையும் அச்சிடுங்கள்.